தேய்த்துத் தேய்த்துப் பார்த்த மீன்

ஒரு கல்லுக்குள்ள சின்ன மீன் ஒண்ணு புதைஞ்சு கிடக்கு. அதோட மண்டைக்குள் என்ன இருக்குன்னு பார்க்கணும். காலம் 1903. என்ன செய்வீங்க?

ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் சாலஸ் கல்லைத் தேய்த்தார். துளி தேய்ப்பது, வெளியே தெரியும் பரப்பைப் படம் எடுப்பது, மறுபடி தேய்ப்பது. கடைசியில் மீன் தூளாகிவிடும். படங்கள் மட்டும் மிஞ்சும்.

மீனின் பெயர் பேலியோஸ்பாண்டிலஸ். சுமார் 39 கோடி ஆண்டு பழசு. ஸ்காட்லாந்தின் ஆக்கனராஸ் குவாரியில் கிடைத்ததை 1890-ல் டிராக்வேர் விவரித்தார். பல் கிடையாது, இது எந்த இனம் என்பதிலும் ஒத்த கருத்து கிடையாது. சாலஸும் அவர் மகள் இகர்னாவும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள்.

படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் எப்படி வரும்? கருவை ஆராய்ந்தவர்களிடம் ஏற்கனவே ஒரு வழி இருந்தது. ஜெர்மானியரான குஸ்டாவ் போர்ன் பிரபலமாக்கிய மெழுகுத் தகடு முறை. ஒவ்வொரு தடவையும் மில்லிமீட்டரில் 40-ல் ஒரு பங்கு தேய்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தை 40 மடங்கு பெரிதாக்கி, 1 மி.மீ. தடிமனுள்ள மெழுகுத் தகட்டில் அந்த வடிவத்தை வெட்டணும். இப்படி வெட்டிய தகடுகளை வரிசையாக அடுக்கினால் 40 மடங்கு பெரிய மண்டை ஓடு தயார். இன்னிக்கு சாஃப்ட்வேர் செய்யும் அதே வேலைதான், கையால்!

பழைய கோர் மெமரியில் ஒரு பிட்டைப் படித்தாலே அது அழிந்துவிடும். உடனே திரும்ப எழுதி வைக்கணும். சாலஸ் செய்ததும் அதேதான், ஆனால் அவர் திரும்ப எழுதியது மெழுகில். இரண்டு படங்களுக்கு நடுவில் போனது போனதுதான். அவர் கண் தவறவிட்டதை வேறொருவர் சரிபார்க்கவும் வழியில்லை. ஆக்கனராஸில் இந்த மீன் நிறைய கிடைத்ததால் பரவாயில்லை. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்றால் யாருக்குக் கை வரும்?

அழிக்காமல் பார்க்க எக்ஸ்ரே வரணும். ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் 1971-ல் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1982-ல் எலியட், டோவர் என்ற இருவர் அதே கணக்கை மைக்ரான் அளவுக்குக் கொண்டுபோய், ஒரு குட்டி நத்தையின் ஓட்டை உடைக்காமல் உள்ளே பார்த்தார்கள். மைக்ரோ சி.டி.யின் ஆரம்பம் அது.

இனி மறுபடி நம்ம மீன். 2022-ல் ஹிராசாவா குழுவினர் ஜப்பானின் ஸ்பிரிங்-8 சிங்க்ரோட்ரானில் பேலியோஸ்பாண்டிலஸை ஸ்கேன் செய்தார்கள். எடுத்துக்கொண்டது, தலை முழுக்கக் கல்லுக்குள்ளேயே இருக்கும் மாதிரிகளை. யாரும் சுரண்டாததால் சேதமில்லாதவை. உள்காதின் அரைவட்டக் குழாய்கள் வரைக்கும் தெரிந்தன. நாலுகால் விலங்குகளின் வம்சத்துக்கு நெருங்கிய உறவு இது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அடுத்த வருஷமே அதே இதழில் மறுப்பு வந்தது. சண்டை இன்னும் முடியலை. ஆனால் இந்தத் தடவை மீன் கல்லுக்குள் அப்படியே இருக்கு. சந்தேகம் இருக்கிறவங்க மறுபடி ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம்.