இழுவை எங்கே போனது? டர்போ டீசலின் ஒரு சின்ன வரலாறு



டர்போ டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் பேசினால் இந்தப் புகார் எப்படியும் ஒருமுறை வந்துவிடும். நெடுஞ்சாலையில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி, முன்னால் போகும் லாரியை முந்தலாம் என்று மிதித்தால் இழுக்காது. இன்ஜின் நிற்காது, பெரிய சத்தமும் வராது. ஆனால் ஒரு வேகத்துக்கு மேல் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "டர்போ போச்சு சார், மாத்தணும்" என்று பெரிய தொகை எழுதிய சீட்டு கைக்கு வரும்.

உண்மையிலேயே டர்போ போய்விட்டதா? பல நேரங்களில் இல்லை. ஏன் இல்லை என்பது இந்த இன்ஜின் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் புரியும். (காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. கடைசியில் அக்கவுண்டன்சிக்கும் வருவேன், கொஞ்சம் பொறுங்கள் :-))

காற்றுதான் எல்லாம்

இன்ஜினுக்கு டீசலை அதிகம் ஊற்றுவது சுலபம். அதை எரிக்கத் தேவையான காற்றைக் கொடுப்பதுதான் கஷ்டம். காற்று போதாமல் டீசல் மட்டும் போனால் கரும்புகைதான் மிஞ்சும். வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் என்ன? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி இந்த யோசனைக்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். அது நடைமுறைக்கு வர ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. 1920களின் நடுவில் 'பிராய்சன்', 'ஹன்சஸ்டாட் டான்சிக்' என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் டர்போ பொருத்திய டீசல் இன்ஜின்கள் ஓடின. 1750 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின், டர்போவுடன் 2500 கொடுத்தது. பிறகு 1938-ல் சுவிஸ் நிறுவனமான சாவ்ரர் இதை லாரிக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். டர்போ தரும் கூடுதல் காற்று நின்றுபோனால் 2500 மறுபடி 1750 ஆகிவிடும். இன்ஜின் கெடவில்லை, ஓடவும் செய்யும், ஆனால் இழுவை மட்டும் காணாமல் போகும். நம் ஊரில் "பிக்கப் இல்லை" என்று சொல்வோமே, அதுதான். ஆக இந்தப் பிரச்சினை டர்போவோடு கூடவே பிறந்தது.

கார் தானாகவே குறைத்துக்கொண்ட கதை

இங்கே ஒரு பெட்ரோல் காரை நடுவில் கொண்டுவர வேண்டும், காரணம் இருக்கிறது. 1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்கு விட்டது. டர்போ அழுத்தத்தில் இன்ஜின் 'நாக்' அடிக்காமல் இருக்க, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவம் தனித் தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். தொட்டி காலியானால் என்ன ஆகும் என்றும் அவர்கள் யோசித்து வைத்திருந்தார்கள். ஒரு வால்வு மூடிக்கொள்ளும், டர்போ அழுத்தம் குறையும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும்.

பல உரிமையாளர்கள் அந்தத் தொட்டியை நிரப்பவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை விலை கொடுத்து வாங்கிய வேகமான கார் சோம்பேறி ஆகிவிட்டது, அவ்வளவுதான். கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றே பலத்தைக் குறைத்திருக்கிறது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. ஜெட்ஃபயர் இரண்டு வருடங்களிலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் ஆபத்து என்று தெரிந்தால் பலத்தைக் குறைத்துக்கொள் என்ற அந்த எண்ணம் நிற்கவில்லை. இன்று 'லிம்ப் மோட்' என்கிறோமே, அதாவது நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேரும் நிலை, அதன் மூதாதையர்களில் ஒன்று இது.

1978: ஒரு போல்ட்டின் துளை

டர்போ டீசல் பயணிகள் காருக்கு வந்தது 1978-ல். மெர்சிடிஸ்-பென்ஸ் 300எஸ்டி என்ற அந்தக் கார் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. அங்கே எரிபொருள் சிக்கனச் சட்டம் அமலுக்கு வந்த நேரம் அது, பெரிய கார் விற்கிறவர்களுக்கு டீசல் தேவைப்பட்டது. 1974-ல் டர்போ இல்லாமல் 80 குதிரைத்திறன் கொடுத்த ஐந்து சிலிண்டர் 3 லிட்டர் இன்ஜின், டர்போவுடன் 110-ஐத் தாண்டியது. அடுத்த வருடமே பெஜோ 604 டர்போ டீசலும் வந்தது.

இந்த மெர்சிடிஸ் இன்ஜின் இரும்பில் அடித்த எருமை மாதிரி. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் சாகாது என்று பேர் வாங்கியது. ஆனாலும் அதற்கும் திடீரென்று இழுவை போகும், காரணம்தான் வேடிக்கையானது.

டர்போ கூடுதல் காற்று தருகிறது என்ற செய்தி டீசல் பம்ப்புக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் அது கூடுதல் டீசலை விடும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. காற்று உள்ளே போகும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய ட்யூப் பம்ப்பின் தலையில் இருக்கும் ஒரு சிறிய கருவிக்குப் போகும். காற்றின் அழுத்தமே செய்தி. அந்த ட்யூபைப் பொருத்தும் போல்ட்டின் நடுவில் சின்னத் துளை ஒன்று உண்டு. வருடக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். டர்போ நன்றாகச் சுழன்று காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும், ஆனால் அந்தச் செய்தி பம்ப்புக்குப் போய்ச் சேராது. காற்றே கூடவில்லை என்று நினைத்து அது குறைந்த டீசலையே விடும். வண்டி மாட்டுவண்டி ஆகிவிடும்.

விவரம் தெரிந்த மெக்கானிக் என்ன செய்வார்? போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வார். டீசல் ஃபில்டரை மாற்றுவார். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் அந்த ட்யூபில் ஒரு பிரஷர் கேஜை இணைத்து, வண்டியை ஓட்டி முள்ளைப் பார்ப்பார். அழுத்தம் ஏறுகிறதா? அப்படியானால் டர்போ குற்றவாளி இல்லை, டீசல் பக்கம் தேடு. ஏறவில்லையா? காற்றுப் பக்கம் தேடு. ஒரே ஒரு கேஜ், பாதி சந்தேகம் காலி. விவரம் தெரியாதவர் டர்போவையே மாற்றுவார். புது டர்போவும் இழுக்காது!

கம்ப்யூட்டர் வந்தது, கரி போகவில்லை

1989-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஆடி 100 டிடிஐ அறிமுகமானது. 2.5 லிட்டர், 120 குதிரைத்திறன், டீசல் அளவை மின்னணுக் கட்டுப்பாடு தீர்மானித்தது. அதன்பின் 1990களில் டர்போவிலும் மாற்றம் வந்தது. புகை வரும் பக்கத்தில் சின்னச் சின்னத் தகடுகளை வைத்து, அவற்றைத் திருப்பித் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 'வேரியபிள் ஜியோமெட்ரி' டர்போ. ஃபோக்ஸ்வேகனின் 110 குதிரைத்திறன் 1.9 டிடிஐ இன்ஜினில் இது பிரபலமானது.

இந்த இன்ஜின்கள் வைத்திருந்தவர்களுக்குத்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன 'அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்' வியாதி நன்றாகத் தெரியும். ஊருக்குள் மெதுவாகவே ஓட்டினால் கரி படிந்து தகடுகள் இறுகிக்கொள்ளும். திடீரென்று மிதிக்கும்போது தகடு திரும்பாது, அழுத்தம் எல்லை மீறும். கம்ப்யூட்டர் உடனே டர்போவின் கையைக் கட்டிப்போடும். சாவியை அணைத்துப் போட்டால் புதிதாக ஆரம்பிக்கும், அடுத்த தடவை எல்லை மீறும் வரை.

தகடுகளைத் திருப்புவது வாக்குவம் எனப்படும் உறிஞ்சு விசை. அது ஒரு மின்வால்வு வழியாக மெல்லிய ரப்பர் ட்யூப்களில் போகும். இன்ஜின் சூட்டில் அந்த ரப்பர் வெடிக்கும், அல்லது எங்காவது உரசி ஓட்டை விழும். 1978-ல் போல்ட்டின் துளை செய்த வேலையை இப்போது ரப்பர் ட்யூபின் விரிசல் செய்தது. ஆள்தான் மாறியது, கதை மாறவில்லை.

கோட் எதற்காகப் பிறந்தது?

1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் காமன் ரெயில் பயணிகள் காருக்கு வந்தது. 1300 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் காத்திருக்கும், எப்போது எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். காற்று, அழுத்தம், வெப்பம் என்று எல்லாவற்றுக்கும் சென்சார். கூடவே ஸ்கேனர் வந்தது, கோட் வந்தது.

இங்கேதான் முக்கியமான விஷயம். இந்தக் கோட் முறை ஒர்க்‌ஷாப்புக்கு உதவுவதற்காக முதலில் உருவானதல்ல. கலிஃபோர்னியாவின் காற்று மாசைக் கட்டுப்படுத்த உருவானது. 1996-லிருந்து அமெரிக்காவில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமானது. ஐரோப்பாவில் டீசல் கார்களுக்கு 2003-04 வாக்கில் வந்தது, இந்தியாவில் 2013-ல். அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று கண்காணிப்பதுதான் அதன் வேலை. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வது அதன் வேலையே அல்ல.

உதாரணமாக பி0299 என்ற கோட். 'டர்போ அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு' என்பது மட்டுமே அதன் பொருள். காற்று ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், வாக்குவம் ட்யூப் வெடித்திருக்கலாம், மின்வால்வு கெட்டிருக்கலாம், சென்சாரே பொய் சொல்லலாம். டர்போவும் போயிருக்கலாம். கோட் விளக்கத்தில் 'டர்போ' என்ற சொல் வந்ததும் டர்போவை மாற்றுவது, காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை நம்பி ஆபரேஷன் செய்வது மாதிரி.

காமர்ஸ் நண்பர்களே, இப்போது உங்கள் முறை. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் என்ன தெரிகிறது? எங்கோ தவறு இருக்கிறது என்பது தெரிகிறது. எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் என்று அது சொல்லாது. அதுவரை வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வேலையை ஓட்டுகிறோம். கோட் என்பது டேலி ஆகாத ட்ரயல் பேலன்ஸ். லிம்ப் மோட் என்பது அனாமத்துக் கணக்கு. வித்தியாசம் வந்ததற்காக யாராவது பேரேட்டையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார்களா? இன்னொன்றும் உண்டு: டேலி ஆகிவிட்டதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. கோட் எதுவும் இல்லை என்பதற்காக வண்டி நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

நம் ஊரில்

2002-ல் ஹூண்டாய் அக்சென்ட் சிஆர்டிஐ வந்தது. 2007-ல் மாருதி ஸ்விஃப்ட்டில் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் வந்தது. மாருதி, டாடா, ஃபியட், செவர்லே என்று அத்தனை பேரும் பயன்படுத்தியதால் அதற்கு 'தேசிய இன்ஜின்' என்றே பட்டப்பெயர். சாதாரணக் குடும்பங்கள் டர்போ டீசல் ஓட்ட ஆரம்பித்தது இப்படித்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. ஆனால் விற்ற கார்கள் மறைந்துவிடவில்லை. பல வண்டிகள் இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போயிருக்கின்றன. அவற்றில் பல, உரிமையாளரின் பிழைப்பே ஓடும் வாடகை வண்டிகள். வண்டியின் விலையில் கணிசமான பங்கைத் தவறான ஒரு டர்போவுக்குக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தின் சில மாத வருமானம் போய்விடும்.

ஆகவே இந்த வரலாறு சொல்லித்தரும் வரிசை இதுதான். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்:

1. புகையைப் பாருங்கள். இழுவை போய்க் கரும்புகை வந்தால் காற்றுப் பக்கம் சந்தேகம். புகையே இல்லாமல் இழுவை மட்டும் போனால் டீசல் ஃபில்டர், டீசல் வரும் வழி. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அப்போது டர்போவைச் சந்தேகிக்கலாம்.

2. காதைக் கொடுங்கள். மிதிக்கும்போது 'உஸ்' என்று காற்று கசியும் சத்தம் வந்தால் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள் (இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு!). எண்ணெய் ஈரம் திடீரென்று ஓரிடத்தில் தெரிந்தால் அங்கே கசிகிறது.

3. ஃபில்டர்கள், வாக்குவம் ட்யூப்கள், சென்சார் கனெக்டர்கள்.

4. கோட் மட்டும் போதாது. ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்து, கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பிரஷர் கேஜ் செய்த அதே வேலை.

5. புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள வண்டி என்றால் அது அடைத்திருக்கிறதா?

6. கடைசியாக டர்போ. அதன் தண்டு ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு.

டர்போவே போயிருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: ஏன் போனது? அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாய் கரியால் அடைத்திருந்தால், புதிதாகப் போடும் டர்போவும் அதே வழியில்தான் போகும்.

எனவே ஒர்க்‌ஷாப்பில் "டர்போ போச்சு" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். "எப்படிக் கண்டுபிடிச்சீங்கண்ணே?" என்று மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சரியாகச் சோதித்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். கோட் நம்பரை மட்டும் காட்டினால், இன்னொரு ஒர்க்‌ஷாப்பிலும் காட்டிவிட்டுப் பணத்தை எடுங்கள்.

வேறு ஏதாவது சின்னச் சாமான் உங்கள் வண்டியை இப்படிப் படுத்தியிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மீண்டும் சந்திப்போம்!