கரி திருடிய அகழெலி

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், கார்வர் தெருவில், ஜஸ்ட் மைக்ரோ என்று ஒரு கணினிக் கடை இருந்தது. வீட்டுக் கணினி வாங்க வருகிறவர்களோடு, தாங்களே விளையாட்டு எழுதத் தெரிந்த இளைஞர்களும் அங்கே வந்து போவார்கள். அந்தக் கடையைச் சேர்ந்த இயன் ஸ்டூவர்ட்டும் கெவின் நார்பர்னும் 1984இல் கிரெம்லின் கிராஃபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயரை நாடறியச் செய்தது ஓர் அகழெலி. பெயர் மாண்டி.

அகழெலி மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் சின்ன உயிர். அகன்ற முன்கைகள், மங்கிய கண்கள். ஒரு விளையாட்டின் கதாநாயகனாக்க யாருக்கும் எளிதில் தோன்றாத பிராணி. ஆனால் அந்த ஊரையும் அந்த ஆண்டையும் நினைத்துப் பார்த்தால், வேறு எந்தப் பிராணி பொருந்தியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

1984 மார்ச்சில் தெற்கு யார்க்ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடப்போவதாகச் செய்தி வந்தது. தொடர்ந்து, 20 சுரங்கங்களை மூடும் திட்டமும், 20,000 பேர் வேலை இழப்பார்கள் என்பதும் வெளியாயின. நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய சங்கத்தின் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். சங்கத் தலைமையகம் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஷெஃபீல்டுக்கு வந்திருந்தது. ஜூன் மாதம், நகரை ஒட்டிய ஆர்கிரீவில் தொழிலாளர்களும் குதிரைப்படைப் போலீசும் மோதினார்கள். வேலைநிறுத்தம் 1985 மார்ச் வரை, ஏறத்தாழ ஓர் ஆண்டு நீடித்தது.

அது நடந்துகொண்டிருந்தபோதே பீட்டர் ஹாரப் என்ற இளைஞர் ‘வான்டட்: மாண்டி மோல்’ விளையாட்டை இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்காக எழுதினார். கடுங்குளிரில் அடுப்பெரிக்கக் கரி இல்லாத மாண்டி, சுரங்கத்துக்குள் இறங்கித் திருடுகிறது. படிப்படியாய் அமைந்த தளங்கள்; தாவ வேண்டும், கயிற்றில் ஏற வேண்டும், மேலிருந்து இறங்கி நசுக்கும் இயந்திரத்தின் கீழே நேரம் பார்த்து ஓட வேண்டும். எல்லாம் கடந்தால் கடைசியில் ஒரு கோட்டை. அதில் அமர்ந்திருப்பவர் ஸ்கார்கிலின் கேலிச்சித்திரம்.

அன்றைய செய்தித்தாளிலிருந்து நேராக எடுத்த ஒரு மனிதரைக் கணினி விளையாட்டுக்குள் உட்கார வைத்தது அன்று புதுமை. விளையாட்டு தொலைக்காட்சிச் செய்தியிலேயே இடம்பெற்றது. பசியோடு மறியலில் நின்ற தொழிலாளியின் தலைவரைக் கேலி செய்வது நியாயமா என்று இன்றைக்கு யாரேனும் கேட்டால், கேள்வி சரியானது என்றே சொல்வேன். ஆனால் விளையாட்டின் அன்பு முழுக்க மாண்டியின் பக்கம் இருக்கிறது. ஒரு வாளிக் கரிக்காக உயிரைப் பணயம் வைக்கும் எலி அது. அந்தக் கதை கற்பனையும் அல்ல. வேலைநிறுத்தம் செய்த குடும்பங்கள் கழிவு மேடுகளைக் கிளறிக் கரி பொறுக்கித்தான் வீட்டைச் சூடாக்கிக்கொண்டன. அதே 1984 நவம்பரில், தெற்கு யார்க்ஷயரின் கோல்டுதோர்ப்பில் அப்படிக் கரி தோண்டிய இரண்டு சிறுவர்கள், அண்ணனும் தம்பியும், மண் சரிந்து இறந்துபோனார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாண்டியின் முதல் திரையை வெறும் வேடிக்கையாக என்னால் பார்க்க முடிவதில்லை.

ஸ்பெக்ட்ரம் மலிவான கணினி. 1982இல் வந்தபோது 48 கிலோபைட் நினைவகம் கொண்டதன் விலை 175 பவுண்டு. விளையாட்டு கேசட்டில் வரும். டேப் ரெக்கார்டரை இணைத்து, அதன் கீச்சொலியைக் கேட்டபடி சில நிமிடம் காத்திருக்க வேண்டும். திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரிந்தது. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் இருக்கலாம். இத்தனை நெருக்கடிக்குள்ளும் மாண்டி அகழெலியாகவே தெரிகிறது என்பது வரைந்தவர்களின் திறமை. கொமடோர் 64 கணினிக்கான வடிவத்தை டோனி க்ரௌதர் தனியாக எழுதினார். பெயரும் நாயகனும் அதேதான்; விளையாட்டு கிட்டத்தட்ட வேறு.

கரி திருடிய குற்றத்துக்காக, கதைப்படி மாண்டி ஸ்கட்மோர் சிறைக்குப் போனது. 1985இல் வந்த ‘மாண்டி இஸ் இன்னொசன்ட்’ விளையாட்டில் சாம் என்ற நண்பன் அதை விடுவிக்கப் போகிறான். அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. அதே ஆண்டு ஹாரப் மீண்டும் எழுதிய ‘மாண்டி ஆன் தி ரன்’தான் வரிசையிலேயே சிறந்தது. சிறையிலிருந்து தப்பிய மாண்டி நாட்டை விட்டே ஓடுகிறது. தாவும்போது இப்போது குட்டிக்கரணம் போடுகிறது. தொடக்கத்திலேயே 21 பொருள்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். தவறான ஐந்தை எடுத்தால் எவ்வளவு திறமையாக ஆடினாலும் முடிவை எட்ட முடியாது. இரக்கமற்ற விதி. ஆனால் ஓடிப்போகிறவனின் மூட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று ஆடுபவரை அது உண்மையாகவே யோசிக்க வைத்தது.

இதன் கொமடோர் வடிவத்துக்கு இசையமைத்தவர் ராப் ஹப்பர்ட். சார்லஸ் வில்லியம்ஸின் ‘டெவில்ஸ் கேலப்’ என்ற இசைத்துண்டுதான் அவருக்குத் தூண்டுதல்; பிபிசி வானொலியின் டிக் பார்ட்டன் துப்பறியும் தொடருக்கு முகப்பிசையாக ஒலித்த மெட்டு அது. அந்தத் துரத்தல் வேகத்தை எடுத்துக்கொண்டு, தன் போக்கில் நீட்டி, கிட்டத்தட்ட ஆறு நிமிடக் கச்சேரியாக்கினார் ஹப்பர்ட். கையில் இருந்தது ஒரே நேரத்தில் மூன்று குரல் மட்டும் எழுப்பும், சிட் என்ற கொமடோரின் ஒலிச் சில்லு. எண்களாகவும் இயந்திர மொழியாகவும் எழுதப்பட்ட அந்த இசையின் நடுவே வயலின்போல் ஒரு குரல் எழுந்து பாயும்போது, மூன்று குரல்தான் என்பதை நம்பவே முடியாது. விளையாட்டை ஆடாமல் இசைக்காகவே ஏற்றி வைத்தவர்கள் உண்டு. பின்னாளில் கிட்டாரிலும் வயலினிலும் அதை எடுத்து வாசித்தார்கள்.

1987இல் ‘ஆஃப் வீடர்சேன் மாண்டி’. மாண்டி ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பி ஐரோப்பாவெங்கும் பறந்து, கிரேக்கத் தீவு ஒன்றை விலைக்கு வாங்கப் பணம் சேர்க்கிறது. வேலை தேடி ஜெர்மனிக்குப் போன இங்கிலாந்துக் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரை நினைவூட்டும் தலைப்பு அது. அந்த அளவில் மாண்டி இன்னும் தன் காலத்து மக்களோடுதான் இருந்தது. அதே கிறிஸ்துமஸுக்கு ‘யுவர் சின்க்ளேர்’ இதழோடு ‘மோலி கிறிஸ்மஸ்’ என்ற குட்டி விளையாட்டு கேசட்டில் இலவசமாக வந்தது.

1990இல் கோர் டிசைன் உருவாக்கிய ‘இம்பாசமோல்’ அமிகா முதலிய பெரிய கணினிகளுக்குப் போனது. மாண்டி இப்போது சாகச வீரன். நிறங்கள் கூடின, உருவம் பெரிதானது. பனிமலை, கீழை நாடு என்று எங்கே வேண்டுமானாலும் போகிறது. ஆனால் ஏன் போகிறது என்பதற்குக் காரணம் இல்லை. குளிரும் கரியும் போன பின்பு அந்த எலியின் இடத்தில் முயலையோ நரியையோ வைத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அதோடு பழைய வரிசை நின்றது. கிரெம்லினை 1999இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வாங்கியது. ஷெஃபீல்டு அலுவலகம் 2003இல் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் நின்றது.

பழைய விளையாட்டுகள் இப்போது எமுலேட்டரில் நொடியில் ஓடுகின்றன. ஷெஃபீல்டிலேயே 2018 முதல் தேசிய வீடியோகேம் அருங்காட்சியகம் இருக்கிறது. மாண்டியை இன்று முதன்முதலாக ஆடும் பிள்ளைக்குக் கோட்டையில் இருக்கும் அந்த மனிதர் யார், எலி ஏன் கரி திருடுகிறது என்பது தெரியாது. கேசட்டைப் பாதுகாப்பவர்கள் அதன் பக்கத்திலேயே 1984ஆம் ஆண்டின் செய்தித்தாள் ஒன்றையும் வைக்க வேண்டும்.