ஊர் இல்லாத ஓர் எண்

2025 ஆகஸ்ட் 15, நள்ளிரவு 12:10. சென்னையில் ஒருவர் கைபேசியில் பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுகிறார். கைபேசிக் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம் என்பதால், கோரிக்கை வந்த நேரத்தைச் சர்வரே குறித்துக்கொள்கிறது: 1755196800000. உலகப் பொது நேரமான யுடிசி-யில் 1970 ஜனவரி 1 பிறந்ததிலிருந்து, லீப் நொடிகளைச் சேர்க்காமல் எண்ணிய மில்லிநொடிகள் இவை.

இந்த எண்ணுக்கு ஊர் கிடையாது. அதுதான் அதன் பலம். டேட்டாபேஸில் அது 2025 ஆகஸ்ட் 14, 18:40 என்று உட்காருகிறது. நம் நேரம் ஐந்தரை மணி முன்னே ஓடுவதால் தேதியே ஒரு நாள் பின்னால் போய்விட்டது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துப் பதறி ஐந்தரை மணியைக் கையால் கூட்டிவிடுவார்கள். கூட்டக் கூடாது, அங்கே இருப்பது சரியான நேரம்தான்.

டொராண்டோவில் இருக்கும் மகள் அதே ரசீதைத் திறக்கிறார். சர்வரிலிருந்து வரும் நேரத்தின் கடைசியில் யுடிசி-யைக் குறிக்கும் ‘இசட்’ எழுத்து இருந்தால், உலாவி 14-ஆம் தேதி பிற்பகல் 2:40 என்று சரியாகக் காட்டும். வழியில் அந்த ஓர் எழுத்து உதிர்ந்துபோனால், ஜாவாஸ்கிரிப்ட் 18:40-ஐ டொராண்டோ நேரமாகவே எடுத்துக்கொள்ளும். நான்கு மணி நேரம் பிசகிவிடும். மணி இல்லாமல் வெறும் தேதி வந்தாலோ நேர்மாறு: அதை யுடிசி நள்ளிரவு என்று வாசிக்கும். 15-ஆம் தேதி பிறந்தநாள் கனடாவில் 14 ஆகத் தெரிவது இதனால்தான். பிறந்தநாள் ஒரு கணம் அல்ல, நாட்காட்டியின் ஒரு நாள். அதை யுடிசி-க்கு மாற்றவே வேண்டாம்.

இனி நடக்கப்போவதற்கும் யுடிசி மட்டும் போதாது. 2006 ஏப்ரலில் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளி, யுடிசி+6-லிருந்து மீண்டும் +5:30-க்கு வந்தது. மே மாதம் கொழும்பில் காலை 10 மணிக்கு ஒரு கூட்டம் என்று முன்பே முடிவுசெய்து, அதை யுடிசி 4 மணி என்று மட்டும் சேமித்த நிரல், மாற்றத்துக்குப் பிறகு 9:30 என்று காட்டியிருக்கும்.

ஆகவே நடந்து முடிந்ததை யுடிசி-யில் வையுங்கள். நடக்கப்போவதை உள்ளூர் மணியோடும் நேர மண்டலத்தின் பெயரோடும் சேர்த்து வையுங்கள்.