தென்சென்னையில் வாத்துக் காவல்

இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதியும் நுங்கம்பாக்கத்தின் மேற்குப் புறமும் 1920களின் தொடக்கம்வரை ஏரியாக இருந்தவை. மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்று ஊராரும், இரண்டையும் சேர்த்து நீள ஏரி என்று ஆங்கிலேயரும் குறித்த அந்த நீர்ப்பரப்பு மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வில்போல் வளைந்து கிடந்ததோடு, படகுப் பந்தயம் நடத்தும் அளவுக்குத் தண்ணீரும் கொண்டிருந்தது. அதன் கிழக்கே தேனாம்பேட்டையின் தோட்டங்களும், தெற்கே அடையாற்றின் சேற்றுக் கழிமுகமும், 1877-78 பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயும் இருந்தமையால், நத்தையும் புழுவும் சிந்திய நெல்லும் தின்று தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் வாத்துக்கு இப்பகுதி ஏற்ற நிலமாக அமைந்தது. அதே நிலம் வாத்தைத் தின்னும் விலங்குகளுக்கும் ஏற்றதாக இருந்தது என்பதே இவ்வரலாற்றின் சிக்கல்.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளின் மரக்கறி உண்ணும் வீடுகளில் வாத்துக்கு இடமிருந்திருக்க வாய்ப்பில்லை. அதற்கு இடம் தந்தவற்றுள் முதன்மையானவை தோட்ட வீடுகள் எனப்பட்டவை, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் நெரிசலை விட்டு வெளியேறிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் தெற்கே பல ஏக்கர் நிலத்தின் நடுவே எழுப்பிக்கொண்ட மாளிகைகள். ஜார்ஜ் மௌப்ரேயின் தோட்டமும், பின்னாளில் இசைக் கல்லூரி குடியேறிய ஜேம்ஸ் பிராடியின் மாளிகையும் அடையாற்றங்கரையில் இன்றும் அறியப்படும் எடுத்துக்காட்டுகள். இத்தகைய வளாகங்களில் சமையற்கட்டும் குதிரை லாயமும் பணியாளர் குடில்களும் மாளிகையிலிருந்து விலகி நிற்க, அவற்றுக்கும் பின்னால் கோழிக்கும் வாத்துக்கும் வான்கோழிக்கும் கொட்டில் அமைப்பது காலனிய இல்லங்களின் பொது வழக்கமாக இருந்தது. ஐசா ட்வீட் எழுதிய கோழி வளர்ப்புக் கையேடு கல்கத்தாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேறுவதற்கு வேண்டிய வாசகர்கள் இந்தியா முழுவதும் இருந்தனர் என்பதே அவ்வழக்கத்தின் பரப்பைக் காட்டப் போதும்.

வாத்தைக் காப்பது கோழியைக் காப்பதைவிடக் கடினமானது. நாட்டுக்கோழி அந்தி சாய்ந்ததும் மரக்கிளையிலோ கூரையிலோ ஏறி அடைந்துகொள்ளும். உடல் கனத்து, பறக்கும் ஆற்றலை ஏறக்குறைய இழந்துவிட்ட வீட்டு வாத்தோ தரையில்தான் உறங்க வேண்டும். தண்ணீரில் மிதந்தபடி இரவைக் கழிப்பதே அதன் இயல்பான தற்காப்பு என்றாலும், பின்னிரவுக்கும் காலைக்கும் இடையில் முட்டையிடுவது அதன் பழக்கமாதலால், குளத்தில் விடப்பட்ட வாத்தின் முட்டை பெரும்பாலும் சேற்றோடு போய்விடும். ஆகவே மாலையில் வாத்துகளைக் கரையேற்றி அடைத்து, வெயில் ஏறிய பிறகே திறந்துவிடுவது என்னும் நடைமுறை முட்டையின் பொருட்டுத் தோன்றி, காவல் அதனுடன் ஒட்டிக்கொண்டது என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அறுவடை முடிந்த வயல்களில் மந்தையை ஊர் ஊராக ஓட்டிச் செல்லும் ஆரணிப் பக்கத்து வாத்து மேய்ப்போரும், இரவில் வலையோ மூங்கில் தட்டியோ வளைத்துப் பட்டி கட்டி, அதன் அருகிலேயே படுத்துக்கொள்வதன் மூலம் இவ்விரண்டு பயனையும் ஒருங்கே பெற்றனர்.

பகைவிலங்குகள் நேரம் பிரித்துக்கொண்டு வருபவை என்பதால் காவலும் நேரத்துக்கேற்ப மாறியது. பகலில் குஞ்சுகளுக்குக் காகமும் பருந்தும் எதிரிகள். இவற்றுக்கு மறுமருந்து கவிழ்த்த மூங்கில் கூடையும், அதன்மேல் வைத்த செங்கல்லும். நாட்டு வாத்து ஒழுங்காக அடைகாக்காது என்பதால் அதன் முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைத்து இருபத்தெட்டு நாளில் பொரிக்கவைப்பர். அவ்வாறு பிறந்த குஞ்சுகள் தண்ணீரில் இறங்கியதும் வளர்ப்புத் தாய் கரையிலேயே நின்றுவிடுவதால், பருந்து வட்டமிடும் வேளையில் அவற்றுக்குச் சிறகடியில் ஒதுங்கும் வாய்ப்பும் இல்லை. கீரியும் பகலில் நடமாடுவதே. சிறு இடுக்கிலும் நுழைந்து முட்டையையும் குஞ்சையும் கொண்டுபோகும் அதற்கு வேலி ஒரு தடையன்று. அந்திக்குப் பின் நரியும் காட்டுப்பூனையும், நள்ளிரவில் மரநாயும் வரும். மரநாய் என்று சென்னை மக்கள் சொல்வது நாய் இனத்தைச் சேராத, பழமும் சிறு உயிர்களும் உண்கிற, ஓட்டுக்கூரையிலும் பனையிலும் பகலெல்லாம் உறங்குகிற புனுகுப்பூனை வகை. நரி தோண்டும், மரநாய் ஏறும் என்ற இரண்டு உண்மைகளே கொட்டிலின் வடிவத்தை முடிவுசெய்தன: அடியில் கல் பாவுதல் முன்னதற்காக, மேலே இடைவெளியற்ற கூரை பின்னதற்காக. ஓலை வேய்ந்த எளிய கொட்டில்கள் இரண்டாவது தேவையை ஒருபோதும் முழுமையாக நிறைவேற்றவில்லை.

இந்த விலங்குகள் நகருக்கு வெளியே இருந்தவை என்று எண்ணுவது தவறு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும், பின்னர் இயற்கையியல் எழுத்தாளராகப் புகழ்பெற்றவருமான மா. கிருஷ்ணன் (1912-1996) வளர்ந்த மயிலாப்பூர் இன்னும் புதர் மண்டியிருந்த இடம். பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் நரிகளும் அங்கே மிகுந்திருந்தன, சிறுவனான அவரே ஒரு கீரியை வளர்த்தார். கோழி வளர்ப்போர் அஞ்சிய விலங்கை அடுத்த தெருச் சிறுவன் செல்லமாக வைத்திருக்கக்கூடிய ஊராக மயிலாப்பூர் இருந்தது.

ஏரி 1923 அளவில் வடிக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் புதிய நகர் எழுந்தபோது மாறியது வாத்தின் நிலை மட்டுமன்று. தோட்ட வீடுகளும் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, ராஜா அண்ணாமலைபுரம், காந்தி நகர், கஸ்தூரிபாய் நகர் எனக் குடியிருப்புகள் பெருக, நரிக்கு மறைவிடமும் வாத்துக்குக் குட்டையும் சேர்ந்தே குறைந்தன. நரி ஒதுங்கிய இடங்கள் சில: ஆளுநர் மாளிகையை ஒட்டிய கிண்டிக் காடு, அதிலிருந்து 1959ல் இந்திய தொழில்நுட்பக் கழகத்துக்குப் பிரித்துத் தரப்பட்ட வளாகம், 1882 முதல் அடையாற்றின் தென்கரையில் இருந்துவரும் பிரம்மஞான சபையின் தோட்டம். கிண்டிக் காடு 1978ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நரி, மரநாய், கீரி மூன்றும் அங்கே பதிவாகியுள்ளன.

கோழியினப் பறவைகளைக் குறித்த அறிவும் இதே பகுதியில்தான் சிலகாலம் நிறுவன வடிவில் குடியிருந்தது. நந்தனத்தில் செயல்பட்ட கோழியின ஆராய்ச்சி நிலையம் நந்தனம் கோழி, நந்தனம் காடை முதலிய வகைகளுக்குத் தன் இடத்தின் பெயரையே தந்தது; பின்னர் இவ்வாராய்ச்சி மாதவரத்துக்குப் பெயர்ந்தது. கால்நடைத் துறைகள் பரப்பிய கம்பிவலைக் கொட்டில் பழைய கூடையையும் தட்டியையும் ஓரங்கட்டியது என்றாலும், அகன்ற கண்ணுள்ள கோழிவலை பறவையை உள்ளே நிறுத்துமேயன்றிக் கீரியை வெளியே நிறுத்தாது என்பதைப் பலர் இழப்பின் வழியாகவே அறிந்தனர். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பியே அதற்குத் தகும். அதையும் தரைக்குக் கீழே ஓரடி ஆழம் புதைக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதன் பின்னாளைய திருத்தங்களுக்கும் பிறகு நரியையும் மரநாயையும் கீரியையும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாயின. முன்பு பொறியும் துப்பாக்கியும் வகித்த இடம் முழுவதும் கொட்டிலின் சுவருக்கே வந்துசேர்ந்தது. எஞ்சியிருக்கும் சில தோட்டங்களில் வாத்து வளர்ப்போருக்கு இப்போது பெரிய அச்சம் காட்டு விலங்கு அன்று. கிண்டியில் மான்களையே கடித்துக் கொல்லும் தெருநாய்கள் நரியைப் போல இருளுக்குக் காத்திருப்பதில்லை. காலையில் வெயில் ஏறியதும் வாத்தைத் திறந்துவிடும் பழைய நேரக்கணக்கு அவற்றிடம் செல்லுபடியாகாமையால், பகலிலும் வேலியடைத்த முற்றத்துக்குள்ளேயே வாத்துகளை வைத்திருக்க வேண்டியதாயிற்று.