அரசு தடை செய்த மரக்கட்டைகள்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாம் தினமும் சொல்கிறோம். அதில் வரும் 'கே.ஜி.' என்பது கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அதன் பொருள் 'குழந்தைகளின் தோட்டம்'. இந்தப் பெயரை 1840-ஆம் ஆண்டில் வைத்தவர் பிரெடரிக் ஃபுரோபெல். அவருடைய தோட்டத்தில் வீட்டுப்பாடம் இல்லை. பந்தும் மரக்கட்டையும் வண்ணக் காகிதமும்தான் இருந்தன. இதற்குப் போய் ஒரு அரசாங்கம் பயந்தது என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் அது நடந்தது.

ஃபுரோபெல் 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். வனத்துறையில் பயிற்சி பெற்றார், நில அளவை செய்தார், பின்பு சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசியின் பள்ளியில் தங்கி ஆசிரியத் தொழிலைக் கற்றார். பெர்லினில் கனிமங்களின் அருங்காட்சியகத்தில் உதவியாளராகவும் இருந்தார். அங்கே படிகங்களைப் பார்த்துப் பார்த்து, எளிய வடிவங்களில் இருந்தே சிக்கலான வடிவங்கள் உருவாகின்றன என்ற எண்ணம் அவருக்குள் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் செய்த விளையாட்டுப் பொருட்கள் எல்லாவற்றிலும் இந்தப் படிகங்களின் சாயலைக் காணலாம்.

1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே கொடுத்த பொருட்களுக்கு அவர் வைத்த பெயர் 'பரிசுகள்'. முதல் பரிசு, கம்பளி நூலால் செய்த ஆறு வண்ணப் பந்துகள். கைக்குழந்தையின் முன்னால் அதை நூலில் கட்டி ஆட்டுவார்கள். குழந்தையின் கண் அதைத் தொடரும், கை அதைப் பிடிக்கப் போகும். இரண்டாவது பரிசு மரத்தால் ஆன கோளம், கனசதுரம், உருளை ஆகிய மூன்றும். கோளம் உருளும், கனசதுரம் நிற்கும், உருளையோ இரண்டையும் செய்யும். இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, குழந்தையே உருட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

மூன்றாவது பரிசுதான் மிகவும் சுவையானது. ஒரு சிறிய பெட்டிக்குள் ஒரு மரக் கனசதுரம். எடுத்துப் பார்த்தால் அது எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும். அவற்றை வைத்து நாற்காலி கட்டலாம், படிக்கட்டு கட்டலாம். பூக்கோலம் போலச் சுற்றி அடுக்கலாம். இரண்டு நான்காகவும் நான்கு இரண்டாகவும் பிரித்து எண்ணலாம். ஒன்றைக் கட்டி முடித்ததும் தட்டிக் கலைத்துவிடக் கூடாது, இரண்டு கட்டைகளை நகர்த்தி அதையே வேறொன்றாக மாற்றவேண்டும் என்பது ஃபுரோபெலின் விருப்பம். ஆட்டம் முடிந்ததும் எட்டும் மறுபடியும் முழுக் கனசதுரமாகிப் பெட்டிக்குள் போய்விடும். பின்ன எண்களைக் கரும்பலகையில் படித்துத் திணறியவர்களுக்கு இந்தப் பெட்டியின் அருமை புரியும்!

கட்டைகளைத் தவிர காகிதம் மடித்தல், காகிதப் பட்டைகளைப் பின்னுதல், ஊசியால் துளையிட்டுப் படம் செய்தல், களிமண் பிசைதல் ஆகிய கைவேலைகளும் இருந்தன. இவற்றை நடத்துவதற்கு அவர் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். பெண்கள் வெளியே வேலைக்கு வருவதே அரிதாக இருந்த அக்காலத்தில் இது சிறிய காரியம் அல்ல. ஒருவேளை அரசின் கண்ணை உறுத்தியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

1848-ல் ஜெர்மன் நாடுகளில் புரட்சி வெடித்தது. சீர்திருத்தம் கேட்ட ஆசிரியர்களில் பலர் கிண்டர்கார்டனை ஆதரித்தார்கள். புரட்சி தோற்றபின் பிரஷ்ய அரசு எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தது. 1851 ஆகஸ்டு 7-ஆம் தேதி கல்வி அமைச்சர் ராவ்மர் பிரஷ்யாவில் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தார். அவை நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் வளர்க்கின்றன என்பது குற்றச்சாட்டு. இதில் கொடுமை என்னவென்றால், அமைச்சர் காட்டிய பிரசுரத்தை எழுதியவர் ஃபுரோபெல் அல்ல, அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃபுரோபெல். ஆள் மாறிவிட்டது என்று விளக்கியும் தடை நீங்கவில்லை. அடுத்த ஆண்டு 1852 ஜூன் 21-ல் ஃபுரோபெல் காலமானார். ஷ்வைனா என்ற ஊரில் அவரது கல்லறையின் மேல் கனசதுரம், உருளை, கோளம் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். தடை 1860-ல்தான் நீங்கியது.

ஆனால் புரட்சி தோற்று நாட்டைவிட்டு வெளியேறியவர்களோடு கிண்டர்கார்டனும் வெளியேறியது. மார்கரெத் ஷுர்ஸ் 1856-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் ஒன்றைத் தொடங்கினார். 1873-ல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் ப்ளோ அதை அரசுப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1876-ல் டோக்கியோவிலும் ஒன்று வந்தது. அதே 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் ஃபுரோபெலின் பரிசுகளைக் கண்ட ஒரு தாய் அவற்றைத் தன் மகனுக்கு வாங்கினார். அந்த மகன்தான் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட். அப்போது அவருக்கு வயது ஒன்பது, கே.ஜி. வயதைத் தாண்டிவிட்டார். ஆனாலும் அந்தக் கட்டைகளைத் தொட்ட உணர்வு விரல்களை விட்டுப் போகவில்லை என்று முதுமையிலும் சொல்லிவந்தார்.

பரவிய இடங்களில் எல்லாம் நல்லதே நடந்தது என்று சொல்ல முடியாது. ஃபுரோபெலின் சீடர்கள் பலர் அவரைவிடக் கண்டிப்பானவர்கள் ஆகிவிட்டார்கள். கட்டம் போட்ட மேசையின் முன் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து, ஆசிரியை சொல்லச் சொல்ல எல்லோரும் ஒரே மாதிரி அடுக்கவேண்டும் என்றார்கள். விளையாட்டு டிரில் ஆகிவிட்டது. ஒரு அங்குலக் கட்டை சின்னஞ்சிறு விரல்களுக்குச் சிரமம் என்று ஸ்டான்லி ஹால் போன்ற உளவியலாளர்கள் கண்டித்தனர். பாட்டி ஸ்மித் ஹில் என்ற ஆசிரியை, குழந்தை உள்ளே நுழைந்து விளையாடும் அளவுக்குப் பெரிய கட்டைகளைச் செய்தார். ஃபுரோபெலின் பொருட்களைக் குறைத்து அவர் நினைத்த சுதந்திரத்தைக் காப்பாற்றியவர் என்று ஹில்லைச் சொல்வது பொருந்தும்.

இந்தக் கதைக்குச் சென்னையிலும் ஒரு கிளை உண்டு. கும்பகோணம் கல்லூரியில் படித்து, வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டர் வரை உயர்ந்தவர் தண்டலம் சுந்தரராவ். கிண்டர்கார்டனின் எட்டாம் பரிசு என்று விற்கப்பட்ட பெட்டி ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. அதில் இருந்தவை இருநூறு வண்ணச் சதுரக் காகிதங்களும் மடிக்கும் முறைகளும்தான். குழந்தைகளின் இந்தப் பொழுதுபோக்கை வைத்து வடிவியல் முழுவதையும் சொல்லலாமே என்று அவருக்குத் தோன்றியது. காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1893-ல் சென்னையில் வெளிவந்தது.

ஒரு சதுரக் காகிதத்தை நடுவில் நெடுக்காக மடித்து விரித்தால் நடுக்கோடு கிடைக்கும். கீழ் இடது மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின்மேல் படும்படி மடிக்கவேண்டும். அது தொட்ட புள்ளியையும் கீழ் மூலைகள் இரண்டையும் இணைத்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். காம்பஸ் தேவையில்லை! இப்படியே ஐங்கோணம், பரவளையம் என்று நூல் மேலே போகிறது. ஜெர்மன் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் 1895-ல் தன் நூலில் இதைக் குறிப்பிட்டார். துரிங்கியாவில் இருந்து சென்னைக்கு வந்த காகிதம் இப்படி மீண்டும் ஜெர்மனிக்கே போய்ச் சேர்ந்தது. கிளைனின் நூலை மொழிபெயர்த்த பெமன், ஸ்மித் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் அதன்மூலம் சுந்தரராவைத் தெரிந்துகொண்டு, அவர் நூலை 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தனர். 1966-ல் நியூயார்க்கில் அது இன்னொருமுறை அச்சேறியது.