கழுத்தின் நரம்புகள்: அரபி காத்த அமானிதம்

ஸூரத்துல் காஃபின் 16ஆம் வசனத்தில் வரும் 'ஹப்லுல் வரீத்' என்பதைத் தமிழாக்கங்கள் பல 'பிடரி நரம்பு' என்று பெயர்த்துள்ளன. தமிழில் நரம்பு என்னும் சொல் குருதிக் குழாயையும் குறிக்கும். உணர்வையும் அசைவையும் கடத்தும் இழையையும் குறிக்கும். அரபு மருத்துவ நூல்களில் இம்மயக்கம் இல்லை. 'வரீத்' சிரை; 'ஷிர்யான்' தமனி; 'அஸப்' என்பதே நரம்பு. ஆதலால் அவ்வசனத்தை நரம்பியலுக்குச் சான்றாக்குவது பொருந்தாது. கழுத்து நரம்புகளைப் பற்றி நம் முன்னோர் அறிந்திருந்ததை அவர்களுடைய மருத்துவ நூல்களிலேயே நாம் தேட வேண்டும்.

அவ்வறிவின் ஊற்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் (கேலன்). கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில், பலர் முன்னிலையில் உயிருள்ள பன்றியின் கழுத்தைத் திறந்து, குரல்வளைக்குச் செல்லும் மெல்லிய நரம்புகளின் செயலை அவர் தடுத்துக் காட்டினார். கதறிக்கொண்டிருந்த விலங்கு குரலிழந்தது. குரலை ஆள்வது இதயமன்று, மூளையே என்பது புலனாயிற்று. அந்நரம்புகள் குரல்வளைக்கு நேரே செல்வதில்லை. கீழிறங்கி, இடப்புறத்தது பெருந்தமனியின் வளைவையும் வலப்புறத்தது கைக்குச் செல்லும் தமனியையும் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகின்றன.

பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (மறைவு ஹி. 260 / கி.பி. 873) அவருடைய குழுவினரும் ஜாலீனூஸின் நூல்களை ஸுர்யானியிலும் அரபியிலும் பெயர்த்தனர். ஹுனைன் கிறிஸ்தவர், அப்பாஸிய ஆட்சியின் ஆதரவில் பணியாற்றியவர். ஜாலீனூஸின் உடற்கூற்றுச் செய்முறை நூல் 15 பாகங்களைக் கொண்டது. அதன் கிரேக்க மூலம் 9ஆம் பாகத்தின் இடையிலேயே நின்றுவிடுகிறது. குரல்வளையைப் பேசும் 11ஆம் பாகமும், மூளை நரம்புகளைப் பேசும் 14ஆம் பாகமும், தண்டுவட நரம்புகளைப் பேசும் 15ஆம் பாகமும் அரபியில் மட்டுமே எஞ்சியுள்ளன. 1906இல் மாக்ஸ் ஸைமன் அவ்வரபு மூலத்தை ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார்.

இப்னு ஸீனா (மறைவு ஹி. 428 / கி.பி. 1037) தமது 'அல் கானூன்' நூலின் முதற் பகுதியில் கழுத்துத் தண்டுவட நரம்புகளுக்கெனத் தனி இயல் வகுத்தார். கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழாயினும், நரம்பிணைகள் எட்டு என எண்ணினார். இன்றைய கணக்கும் அதுவே. திரும்பி ஏறும் குரல்வளை நரம்பை 'ராஜிஉ', அதாவது மீள்வது, என அழைத்தார். ஆயினும் மூளை நரம்புகளை அவர் ஜாலீனூஸைப் பின்பற்றி ஏழு இணைகளாகக் கொண்டார். இன்று அவை பன்னிரண்டு.

ஏட்டறிவு கத்தி பிடித்த கைக்கும் பயன்பட்டது. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' நூலின் 30ஆம் பகுதியில், கழுத்துக் கட்டிகளை அகற்றுகையில் குழாயோ நரம்போ அறுபடாதவாறு மெல்லச் செல்லுமாறு எச்சரிக்கிறார். கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்ட பணிப்பெண் ஒருத்தியின் காயத்தைத் தாம் தைத்ததையும், குரல் கம்மியதன்றி வேறு குறையின்றி அவள் தேறியதையும் அவரே பதிவு செய்துள்ளார்.

இவற்றைப் படிக்கும் நாம் இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்பது ஒன்று. ஜாலீனூஸ் மனித உடலை முறையாக அறுத்தாய்ந்தவர் அல்லர். குரங்கிலும் பன்றியிலும் கண்டதையே அவர் எழுதினார். கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை வகுத்து, நுரையீரல் வழிச் செல்லும் குருதியோட்டத்தை விளக்கிய இப்னுன் நஃபீஸ் (மறைவு 1288), ஷரீஅத்தும் தம் இரக்க இயல்பும் அறுத்தாய்வினின்று தம்மைத் தடுத்தன என்று ஒளிவின்றி எழுதினார்.

அரபு மருத்துவர்கள் வெறும் தூதஞ்சல்காரர்களே என்பது மற்றொரு தவறு. ஜாலீனூஸின் சொற்களை அவர்கள் காத்தனர், ஒழுங்குபடுத்தினர், நோயாளியின் கழுத்தருகே வைத்துச் சோதித்தனர். பிறரிடமிருந்து பெற்றதைப் பெற்றதென்று சொல்லி, ஜாலீனூஸின் பெயரை ஏட்டுக்கு ஏடு எழுதியவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி எழுதும் நமக்கும் அந்நேர்மை கடமையாகும்.