பழைய கார், ஒற்றைச் சாவி

'சாவி' நமக்குப் போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த 'க்ளே'யும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். நம்முடைய சொல் திறவுகோல். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் 'திறப்பு' என்கிறார்கள்.

இந்தச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஏழு வருஷப் பழைய கார் ஒன்றை வாங்கினான். விற்றவர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். இன்னொன்று வீட்டில் எங்கோ இருக்கிறது, கிடைத்ததும் தருகிறேன் என்றாராம். மாதம் ஒன்றாகியும் கிடைக்கவில்லை. "ஒன்று போதாதா சார்?" என்கிறான் பையன். போதாது என்பது என் கட்சி. அதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

சென்னையின் முதல் கார்களில் ஒன்று, பாரி கம்பெனி டைரக்டர் யார்க் என்பவருடையது. 1901-இல் அவர் அடையாற்றிலிருந்து கடற்கரை ஆபீசுக்கு அதில் போய்வந்தார். பதிவெண் முறை வந்தபோது எம்.சி.1 துறைமுகத்தைக் கட்டிய சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங்குக்குக் கிடைத்தது. எம்.சி.3 கட்டடக் கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியாருக்கு. நம்மவரில் முதலில் கார் வைத்திருந்தவர் அவர்தான்.

அந்தக் காலத்து வண்டியை ஸ்டார்ட் செய்யச் சாவி வேண்டாம். முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அதனால் திருட்டு பயமும் பெரிதாக இல்லை. 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனி மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம் சாவியின் வேலை மின்சாரத்தைத் திறந்துவிடுவது மட்டும்தான். நம் ஊரில் ஓடிய மோரிஸ் மைனரில் சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்டார்ட்டருக்குத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும். சாவியைத் திருப்பினாலே வண்டி கிளம்பும் ஏற்பாடு 1949-இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது.

சாவி தொலைந்தால் அன்று என்ன செய்தார்கள்? பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பூட்டின் முகத்திலேயே சாவியின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைக் கடைக்காரரிடம் சொன்னால் போதும், புதுச் சாவி கிடைத்துவிடும். எஃப்.எஸ். என்ற ஒரு வரிசையில் 876 முதல் 955 வரை மொத்தமே 80 சாவிகள்தான். அதாவது உங்கள் சாவி இன்னொருவர் காரைத் திறக்கக்கூடும், அவருடைய சாவி உங்களுடையதைத் திறக்கக்கூடும். எண்ணைப் படித்துக்கொண்டு போகிற எவனும் சாவி வாங்கலாம். ஆனாலும் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. தெருவுக்கு இரண்டு கார் இருந்த காலத்தில் எந்த வண்டி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பூட்டைவிடத் தெருதான் பெரிய காவல்.

நம் சென்னைக்கருகே பெருங்களத்தூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், கல்கத்தாவிலிருந்து வந்த அம்பாசடரும் ஓடிய காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. புதுப்பேட்டைக்குப் போய், உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பூட்டையும் சாவியையும் சேர்த்து வாங்கி மாட்டிவிடுவார்கள். நாம் நினைப்பதைவிட இது புத்திசாலித்தனமான வழி. பழைய சாவி யார் கையில் இருந்தாலும் இனி அது வெறும் தகரம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கார் வைத்திருப்பது சாதாரண விஷயமாயிற்று, தெருவின் காவலும் போயிற்று. ஐரோப்பாவில் கார் திருட்டு பெருகியதால் 1995-இல் ஒரு விதி செய்தார்கள். அதன்படி 1998 முதல் புதுக்கார்கள் எல்லாவற்றிலும் இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. பிறகு அது இங்கேயும் பரவியது. மாருதி அதற்கு ஐ-கேட்ஸ் என்று பெயர் வைத்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அந்தச் சில்லுக்கு பேட்டரி கிடையாது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்குச் சக்தி கொடுக்க, அது தன் அடையாள எண்ணைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடும். இருந்தால் என்ஜின் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது.

பையன் இது தெரியாமல் தி.நகரில் நடைபாதைச் சாவிக்காரரிடம் ஒரு நகல் வெட்டிக்கொண்டு வந்தான். கதவு அழகாகத் திறந்தது. என்ஜின் இரண்டு விநாடி உறுமிவிட்டு அணைந்தது. சாவிக்காரர் மேல் தப்பில்லை. பல் சரியாகத்தான் வெட்டியிருந்தார், பட்டியலில் பெயர்தான் இல்லை.

இங்கேதான் என் குமாஸ்தா புத்தி குறுக்கிடுகிறது. அரசு அலுவலகப் பணப்பெட்டிக்கு இரண்டு சாவி உண்டு. இரண்டாவது, முத்திரையிட்ட உறையில் கருவூலத்தில் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில், அதை வரவழைத்துச் சரிபார்த்து, புது முத்திரை வைத்துத் திருப்பி அனுப்பி, பதிவேட்டில் எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்தபோது இது என்ன வீண் சடங்கு என்று அலுத்துக்கொள்வோம். ஒரு சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்தப் பெட்டி பூட்டாத பெட்டிதான் என்பதே அந்த விதியின் பொருள்.

காருக்கும் அதே கணக்குத்தான். காணாமல் போன சாவி இன்னமும் காரின் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்திருப்பவர் இரவில் வந்து ஓட்டிக்கொண்டு போகலாம், கண்ணாடிகூட உடையாது. அப்படி நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கப் போனால், எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்றைத்தான் காட்ட முடியும் என்றால் ஏன் என்று கேள்வி வரும்.

ஆகவே பையனிடம் சொன்னேன். முதலில் ஆர்.சி. புத்தகம் உன் பெயருக்கு மாறட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவுப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதுச் சாவி கேட்டால் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். புதுச் சாவியைப் பதிவு செய்யும்போது கையிலிருக்கும் சாவியையும் கொண்டுபோ. பழைய பட்டியலை அழித்துவிட்டு இந்த இரண்டை மட்டும் ஏற்றச் சொல். வெறுமனே ஒன்றைச் சேர்த்தால் தொலைந்ததும் சேர்ந்து உயிரோடு இருக்கும். அழித்த பிறகும் அந்தப் பழைய சாவி கதவைத் திறக்கும், ஆகவே உள்ளே சாமான் வைத்துவிட்டுப் போகாதே. மனசு கேட்கவில்லையென்றால் பூட்டையும் மாற்றிவிடு. செலவு சில ஆயிரங்கள் ஆகும். அதை விலை பேசும்போதே கழித்திருக்க வேண்டும்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்க்கிறார்கள், பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள். இனிமேல் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "இரண்டாவது சாவி எங்கே?" விற்பவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி கார் தெரிந்துவிடும்.